இஸ்திரிப் பெட்டிக்கு இன்னொரு வேலை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அந்தச் சிறுமியின் பிள்ளை மனசு எந்த இடத்தில் தொலைகிறது, அதைப் படங்கள் எப்படிக் காட்டுகின்றன? அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. சத்ரபி 1969-இல் ஈரானில் பிறந்தவர், தெஹ்ரானில் வளர்ந்தவர். தன் கதையைத் தானே பிரெஞ்சில் சித்திரக் கதையாக எழுதி வரைந்தார். அதில் வரும் சிறுமி மர்ஜி அவரேதான். 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வந்தது. தமிழிலும் வந்திருக்கிறது. ஷா மன்னர் விழுந்த 1979 புரட்சி, 1980 செப்டம்பரில் தொடங்கிய ஈராக் போர், 1984-இல் பதினான்கு வயதில் மகளை மட்டும் தனியாக வியன்னாவுக்கு விமானம் ஏற்றிவிடும் அப்பா அம்மா. இதுவரைக்கும் முதல் பாதி. நான் பேசப்போவது இந்தப் பாதியைப் பற்றி மட்டும்தான்.

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். இந்தப் புத்தகத்தில் தொலைந்துபோன வெகுளித்தனத்தின் குறியீடுகள் என்று செமினார் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நெட்டில் தேடினால் முக்காடு என்றால் அடக்குமுறை, அன்னம் என்றால் தூய்மை, சாவி என்றால் பொய் வாக்குறுதி என்று பட்டியலாகக் கிடைக்கிறது. அதை விரித்து எழுதினால் போதுமா?
– மாணவர், திருச்சி

பதில்: மார்க் கிடைக்கும் தம்பி. புத்தகம் கைக்கு வராது. இதற்கு இது அர்த்தம் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அப்புறம் அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கவே தோன்றாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கே முதலில் வருகிறது, யார் அதைச் சொல்கிறார்கள், மறுபடி எங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேடுங்கள். நெட்டில் கிடைத்த பட்டியலில் இல்லாத ஒரு பொருளைச் சொல்கிறேன். இஸ்திரிப் பெட்டி.

புரட்சி முடிந்து ஷாவின் சிறைகள் திறக்கின்றன. அப்பா அம்மாவின் நண்பர்கள் இரண்டு பேர் விடுதலையாகி வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே நடந்ததைச் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர் உறைந்துபோய், பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அகமதி என்ற நண்பரை இஸ்திரிப் பெட்டியால் சுட்டார்கள் என்று பேச்சு வருகிறது. மர்ஜியின் கண் வீட்டிலிருக்கும் இஸ்திரிப் பெட்டிக்குப் போகிறது. இதை வைத்து இப்படியும் செய்யலாமா என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சட்டை தேய்க்கிற பொருள். தினம் அந்த வழியாகத்தான் நடந்து போகிறாள்.

அதே பக்கங்களில் அகமதியைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்டார்கள் என்ற செய்தியும் வருகிறது. அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். தலை, கை, கால் எல்லாம் மூட்டு மூட்டாகக் கழற்றி வைத்த பொம்மை. வெட்டிய இடம் வழவழவென்று இருக்கிறது, உள்ளே கூடு. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சண்டைக் காட்சி வரையச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வரைவார்கள். வெட்டுப்பட்ட உடம்புக்குள்ளே என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. கை தனியாக வரும், ஆனால் அந்தக் கை வலிக்காது. சத்ரபி இதை வரையும்போது முப்பது வயதுக்காரர், கைத்தேர்ச்சி உள்ளவர். நினைத்திருந்தால் குலை நடுங்க வரைந்திருக்கலாம். அந்த ஒரு கட்டத்துக்காகத் தன் வயதை இறக்கிக்கொண்டு, பத்து வயதுப் பிள்ளையின் தலைக்குள் அந்தச் சொல் என்ன படமாக விழுந்ததோ அதை மட்டும் வரைந்திருக்கிறார். இந்தப் புத்தகத்தில் வெகுளித்தனத்துக்குக் குறியீடு எது என்று என்னைக் கேட்டால் அந்த ரத்தமில்லாத வெட்டைத்தான் முதலில் காட்டுவேன். செய்தி காதுக்குள் போய்விட்டது, உடம்புக்கு இன்னும் எட்டவில்லை.

அடுத்து அவள் செய்கிற காரியம், தோட்டத்தில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு புது விளையாட்டு. தோற்றவருக்குச் சித்திரவதை. விதிகளை அவளே வகுக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் கொம்பு முளைத்த குட்டிச் சாத்தானாகத் தெரிகிறாள். முதலில் அதில் ஒரு பெருமிதம். கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் அழுகிறாள், அம்மா அணைத்துக்கொள்கிறாள்.

இப்போது பல பக்கங்கள் தள்ளி வாருங்கள். மர்ஜிக்கு வயது கூடிவிட்டது. நைக்கி ஷூ, ஜீன்ஸ் ஜாக்கெட், அதில் மைக்கேல் ஜாக்சன் பேட்ஜ். காந்தி அவென்யூவில் கள்ளத்தனமாக விற்கிற பாட்டு கேசட் வாங்கப் போகிறாள். (தெஹ்ரானில் காந்தி பெயரில் ஒரு சாலை இருப்பது நம்மில் பலருக்குச் செய்தியாக இருக்கும்.) உடையையும் நடத்தையையும் கண்காணிக்கும் புரட்சிக் காவல் பெண்கள் இருவர் மடக்குகிறார்கள். பேட்ஜில் இருப்பது மால்கம் எக்ஸ், அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம்களின் தலைவர் என்று சமாளித்துப் பார்க்கிறாள். எடுபடவில்லை. கமிட்டிக்கு, அதாவது புரட்சிக் காவலின் நிலையத்துக்கு, இழுத்துப் போவோம் என்கிறார்கள். உடனே அழுதுகொண்டே ஒரு கதை கட்டுகிறாள்: எனக்குப் பெற்ற தாய் இல்லை, சித்தி கொடுமைக்காரி, நேரத்துக்கு வீட்டுக்குப் போகாவிட்டால் இஸ்திரிப் பெட்டியால் சூடு வைப்பாள்.

விட்டுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் சத்ரபி கோடு போட்டுக் காட்டவே இல்லை. ‘நினைவிருக்கிறதா’ என்று ஒரு சொல் கிடையாது. முதல் தடவை அந்தப் பொருள் அவளைத் தூக்கிவாரிப்போட வைத்தது. இரண்டாவது தடவை, மாட்டிக்கொண்ட நேரத்தில் சட்டென்று நாக்கில் வந்து நிற்கிற பொய்யாக இருக்கிறது. ஒரு மனிதனின் வலியாகக் கேட்டதை, தப்பிக்கிற சாமர்த்தியமாகச் செலவழிக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல நான் யார்? கமிட்டிக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்குமோ. ஆனாலும் தொலைந்தது எது என்று அந்த இடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஆணியையும் இதே மாதிரி தேடிப் பாருங்கள். ராமின் என்ற பையனின் அப்பா ஷாவின் ரகசிய போலீஸான சவாக்கில் இருந்தவர் என்று தெரிந்ததும், மர்ஜியும் கூட்டாளிகளும் விரலிடுக்கில் ஆணிகளைச் செருகிக்கொண்டு அவனைக் குத்தக் கிளம்புகிறார்கள். அம்மா பிடித்துவிடுகிறாள். உன் காதைச் சுவரோடு வைத்து ஆணி அடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். பின்னால் அதே அம்மா மகளின் முதல் பார்ட்டிக்குச் சங்கிலியும் ஆணியும் கோத்து ஒரு கழுத்து மாலை செய்து தருகிறாள். அந்தக் காலத்து பங்க் ஃபேஷன். ஆயுதமாக வந்த ஆணி அலங்காரமாகத் திரும்பி வருகிறது.

உங்கள் செமினாரை இந்த இரண்டு பொருள்களை வைத்தே எழுதலாம். வீட்டில் புழங்குகிற ஒரு சாமானுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்று பிள்ளை தெரிந்துகொள்கிறது. தெரிந்துகொண்ட பிறகு பழையபடி அதைப் பார்க்க முடிவதில்லை. இந்தப் புத்தகத்தில் வெகுளித்தனம் போவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

கேள்வி: முதல் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புதிதாகக் கொடுத்த முக்காட்டை வைத்து விளையாடுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். இவ்வளவு சோகமான புத்தகத்தில் சிரித்தது தப்போ என்று உறுத்துகிறது.
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: தப்பே இல்லை, நீங்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறார். 1980-இல் பள்ளியில் முக்காடு கட்டாயமாகிறது. ஏன் என்று யாரும் விளக்கவில்லை. பிள்ளைகள் கையில் துணி கிடைத்தால் என்ன செய்வார்கள்? ஒருத்தி ஸ்கிப்பிங் கயிறாக்குகிறாள், ஒருத்தி கடிவாளமாக்கிக் குதிரை ஓட்டுகிறாள், ஒருத்தி இருட்டுப் பூதமாகிறாள். அதே படத்தின் இன்னொரு பக்கம் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டே, விடுதலையின் பெயரால் மரண தண்டனை என்கிறது. அதுவும் விளையாட்டுத்தான். தெருவில் பெரியவர்கள் பேசிக்கொள்வது அப்படியே காதில் விழுந்து, அர்த்தம் புரியாமல் வாயில் வந்திருக்கிறது. இன்னொரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து அந்தப் பிள்ளையைத் தேடுங்கள்.

கேள்வி: நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். அந்தச் சிறுமி கடவுளைப் பார்த்து வெளியே போ என்று கத்தும் இடம் என்னைக் காயப்படுத்திவிட்டது. இது நாத்திகப் பிரச்சாரமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். அந்த இடத்துக்கு முன்னால் இருப்பதைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

ஆறு வயதில் மர்ஜிக்குப் பெரிய ஆசை தீர்க்கதரிசி ஆக வேண்டும் என்பது. அவள் மனதில் சட்டங்கள் தயாராக இருக்கின்றன. அதில் ஒன்று, எந்தக் கிழவருக்கும் வலிக்கக் கூடாது. பாட்டிக்கு முழங்கால் வலி, அதனால். அது எப்படி நடக்கும் என்று பாட்டி கேட்டால், வலிப்பதற்குத் தடை போட்டுவிடுவேன் என்கிறாள். ராத்திரி கடவுள் அவள் அறைக்கு வருவார். வெள்ளைத் தாடி, வெள்ளை அங்கி. அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுவாள். வீட்டில் இருந்த ஒரு சித்திரப் புத்தகத்தில் கார்ல் மார்க்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, இருவரும் ஒரே சாயல், மார்க்ஸுக்கு முடி மட்டும் கொஞ்சம் சுருட்டை என்று கண்டுபிடிக்கிறாள். ஒரு பிள்ளைக்கும் கடவுளுக்கும் உள்ள பழக்கத்தை இவ்வளவு நெருக்கமாக வரைந்த பக்கங்கள் சித்திரக் கதையில் எனக்குத் தெரிந்து குறைவு. பிரச்சாரம் செய்கிறவருக்கு அந்த மடியை வரைய மனம் வராது.

அப்புறம் அனூஷ் சித்தப்பா வருகிறார். ஷா காலத்தில் ஒன்பது வருடம் சிறையில் இருந்தவர். ரொட்டியால் செய்த ஒரு சின்ன அன்னத்தைக் கொண்டுவந்து தருகிறார், சிறையிலேயே செய்தது. அன்னம் என்றால் தூய்மை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ரொட்டியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ரொட்டிதான் முக்கியம். கைதிக்கு அளந்து கொடுக்கிற சாப்பாடு அது. அதில் கொஞ்சத்தைச் சாப்பிடாமல் எடுத்துவைத்துப் பிசைந்து, கழுத்தை வளைத்து, காயவைத்து ஒரு பறவை செய்ய வேண்டுமானால் அந்த மனிதர் எத்தனை நேரம் பட்டினியோடும் பொறுமையோடும் உட்கார்ந்திருக்க வேண்டும். மர்ஜிக்கு அது பொம்மை. நமக்கு அதன் விலை தெரிகிறது. புதிய அரசு அவரை மறுபடி கைது செய்கிறது. கடைசியாக ஒரே ஒருவரைப் பார்க்கலாம் என்கிறார்கள். அவர் மர்ஜியைக் கேட்கிறார். பத்து நிமிடம். அப்போது இன்னொரு ரொட்டி அன்னம் தருகிறார், இது முதல் அன்னத்தின் சித்தப்பா என்று சொல்லி. அதற்குப் பிறகு வருவது ரஷ்ய உளவாளிக்கு மரண தண்டனை நிறைவேற்றம் என்ற பத்திரிகைச் செய்தி. சித்தப்பாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதற்கு மேல்தான் கடவுள் வந்து அவளைத் தேற்றப் பார்க்கிறார். அவள் வெளியே போ, இனி உன்னைப் பார்க்கவே மாட்டேன் என்று கத்துகிறாள். அடுத்து ஒரு பெரிய கட்டம். கறுப்பு வானவெளியில் கிரகங்களுக்கு நடுவே அவள் மட்டும் மிதக்கிறாள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் வீட்டிலிருந்து குரல் வருகிறது: மர்ஜி, கீழே ஓடு, குண்டு போடுகிறார்கள். போர் தொடங்கிவிட்டது.

ஐயா, கடவுள் இல்லை என்று அந்தப் பிள்ளை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. இல்லாதவரிடம் யாரும் கோபித்துக்கொண்டு வெளியே போ என்று சொல்வதில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன ஒருவர், சித்தப்பாவைக் காப்பாற்றாமல் விட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நம் பக்திப் பாடல்களிலும் இறைவனிடம் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாம் நாத்திகர் என்று தள்ளிவைத்ததில்லை. அவளுக்குத் தொலைந்தது மடி. அந்த மடி போன அதே பக்கத்தில் குண்டும் வந்து விழுகிறது, ஆறுதல் தேட ஒரு ராத்திரிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் காயப்பட்டதாகச் சொன்னீர்கள். அந்த இடத்தை நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். முழுப் புத்தகமும் ஒரே கறுப்பு மையில் ஓட்டியிருக்கிறார்கள். செலவு மிச்சம் பிடிக்கத்தானே? கலர் இருந்தால் சோகம் இன்னும் எடுபட்டிருக்குமே?
– வாசகர், சிவகாசி

பதில்: செலவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பிரான்சில் இதை வெளியிட்ட லாஸோசியாசியோன், ஓவியர்கள் தாங்களே சேர்ந்து 1990-இல் தொடங்கிய சின்னப் பதிப்பகம். கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள்தான் அவர்களுடைய அடையாளம். ஆனால் கலர் இருந்தால் கெட்டுப்போயிருக்கும் ஒரு இடத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

தெஹ்ரானில் ஏவுகணைகள் விழும் காலம். மர்ஜி ஜீன்ஸ் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் குடியிருக்கும் பகுதியில் ஏவுகணை விழுந்தது என்று கேள்விப்பட்டு ஓடிவருகிறாள். அம்மா உயிரோடு இருக்கிறாள். பக்கத்தில் பாபா லெவி என்ற யூதக் குடும்பத்தின் வீடு தரைமட்டம். அன்று சனிக்கிழமை, அவர்களுக்கு ஓய்வுநாள், அதனால் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். அவர்கள் மகள் நேதா மர்ஜியின் தோழி. அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது இடிபாட்டுக்குள் ஒரு வளையலைப் பார்க்கிறாள். டர்க்காய்ஸ் கல் பதித்தது, பதினான்காவது பிறந்தநாளுக்கு நேதாவின் அத்தை கொடுத்தது. அந்த வளையல் இன்னும் எதோடோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதோடு என்று மர்ஜி சொல்லவில்லை. வாயைப் பொத்துகிறாள். கண்ணைப் பொத்துகிறாள். அடுத்த கட்டம் முழுக்கக் கறுப்பு. எந்த அலறலும் தன் வேதனைக்கும் கோபத்துக்கும் போதாது என்று அடியில் ஒரு வரி மட்டும்.

டர்க்காய்ஸ் என்பது வார்த்தையில் மட்டும்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? தாளில் அந்த நீலப் பச்சை கிடையாது. நாம் ஒவ்வொருவரும் பார்த்த ஏதோ ஒரு கல்லின் நிறத்தை எடுத்து அங்கே வைத்துக்கொள்கிறோம். கலர் அச்சில் அந்த நீலம் பளிச்சென்று நின்றிருந்தால் கண் அதையே பார்த்திருக்கும், அழகாகக்கூட இருந்திருக்கும். அப்புறம் அந்தக் கறுப்புக் கட்டம். முன்னே அகமதியின் உடம்பை ரத்தமில்லாத பொம்மையாக வரைந்த அதே கை, இங்கே வரையவே மறுத்துவிட்டது. அப்போது அவளுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது, அதனால் வரைய முடிந்தது. இப்போது தெரியும். நீங்கள் அச்சுக்காரர், இதை என்னைவிட நன்றாக உணர்வீர்கள்: ஒரு கட்டம் முழுக்க மையை நிரப்பி ஓட்டும்போது அந்தத் தாளின் கனம் விரலில் தெரியும் அல்லவா.

கேள்வி: கண்ணிவெடியில் ஏழைப் பையன்கள் சிதறும் படத்துக்குக் கீழேயே இவள் பார்ட்டியில் ஆடிக்கொண்டிருக்கிறாள். படித்துவிட்டுக் கோபம்தான் வந்தது. இவளுக்கு இரக்கமே இல்லையா?
– மருந்தாளுநர், தூத்துக்குடி

பதில்: கோபம் வர வேண்டிய பக்கம்தான் அது. வீட்டு வேலைக்கு வரும் நஸ்ரின் அம்மாவின் மூத்த மகனுக்குப் பள்ளியில் தங்க நிறம் பூசிய ஒரு பிளாஸ்டிக் சாவி கொடுக்கிறார்கள். போருக்குப் போய் இறக்கும் பாக்கியம் கிடைத்தால் இது சொர்க்கத்தின் கதவைத் திறக்கும் என்கிறார்கள். பையனுக்குப் பதினாலு வயது. வாழ்நாள் முழுக்கத் தொழுதவள் நான், இனி எதை நம்புவேன் என்று அந்தத் தாய் அழுகிறாள். மர்ஜி தனக்குத் தெரிந்த பேமான் என்ற பையனிடம் கேட்டால், அப்படி ஒரு சாவியைப் பற்றி அவனுக்குத் தெரியவே தெரியாது. சொர்க்கத்தின் சாவி ஏழைகளுக்கு மட்டும் என்று அவளே எழுதுகிறாள்.

அப்புறம்தான் நீங்கள் சொன்ன பக்கம். மேலே பையன்கள் கறுத்த நிழல்களாகக் காற்றில் எறியப்படுகிறார்கள், கழுத்தில் சாவி. கீழே பார்ட்டி. இரண்டு படத்திலும் கை கால்கள் வீசியிருக்கும் விதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே அசைவு. கோட்டுச் சித்திரம் தெரிந்தவர் இதைத் தற்செயலாகச் செய்ய மாட்டார். மேலே இருப்பவர்களுக்கு முகம் இல்லை, கீழே இருக்கும் ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு. அம்மா ஆசையாகப் பின்னித் தந்த ஓட்டை ஓட்டையான ஸ்வெட்டரை மர்ஜி போட்டிருக்கிறாள். மேலே துளைபடும் உடம்புகளுக்குக் கீழே அந்த ஓட்டைகளை நம்மால் வேறு எப்படிப் பார்க்க முடியும்?

ஆடிக்கொண்டிருந்த சிறுமிக்கு அப்போது மேல் படம் தெரியாது. இருபது வருடம் கழித்து அந்தப் பக்கத்தை வரைந்த பெண்ணுக்குத் தெரியும். தன் சந்தோஷமான சாயங்காலத்துக்கு மேலே அந்தப் பையன்களைத் தன் கையாலேயே வரைந்து வைத்திருக்கிறார். உங்களுக்கு வந்த கோபம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும், தன்மீதே. இரக்கம் இல்லாதவர் இரண்டு படத்தையும் வேறு வேறு பக்கத்தில் போட்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. முகமில்லாத அந்தப் பையன்களின் பிள்ளை மனசு தொலைந்த கதையை யாரும் நமக்குச் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல அவர்கள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். வெகுளித்தனம் போய்விட்டதே என்று பிறகு வருந்தவும் ஒருவருக்கு வயதாக வேண்டியிருக்கிறது, அந்த வயது யாருக்குக் கிடைக்கிறது என்பதைக் குடும்பத்தின் வருமானம் தீர்மானிக்கிறது. இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பெரிய பக்கம் இதுதான்.

கேள்வி: முதல் சிகரெட்டோடு குழந்தைப் பருவத்துக்கு முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டேன், இப்போது நான் பெரியவள் என்று அவளே எழுதுகிறாள். அப்படியானால் அதுதானே முக்கியமான இடம்? உங்கள் போன மாதக் கட்டுரையில் அதைத் தொடவே இல்லை.
– கல்லூரி விரிவுரையாளர், மதுரை

பதில்: வேண்டுமென்றேதான் தொடவில்லை. வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் பெரிய பெண்களோடு பர்கர் கடைக்குப் போகிறாள். அம்மா திட்டுகிறாள். நீதான் இந்த வீட்டின் புரட்சிக் காவல் என்று கத்திவிட்டு நிலவறைக்கு இறங்கிப்போய், மாமாவிடமிருந்து திருடி வைத்திருந்த சிகரெட்டைப் பற்றவைக்கிறாள். இருமுகிறாள், பிடிக்கவே இல்லை, ஆனாலும் விடுவதில்லை. அந்த வயதுப் பெண் இப்போது நான் பெரியவள் என்று சொல்வதை நாம் நம்ப வேண்டியதில்லை. அவள் அதை நம்பினாள் என்பதுதான் செய்தி. கதை சொல்கிறவள் எங்கே தானே முன்வந்து ‘இதுதான் திருப்பம்’ என்று காட்டுகிறாளோ அங்கே கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். காட்டாமல் விட்ட இஸ்திரிப் பெட்டி இதைவிட ஆழமாகப் போகிறது. ஆனால் இதே அத்தியாயத்தில் மாணவர்களிடம் காட்ட ஒன்று இருக்கிறது. அம்மாவோடு நடக்கிற சண்டைக்கும் சிகரெட்டுக்கும் நடுவே போர்ச் செய்திகள் வருகின்றன. அமைதிக்கு வந்த வாய்ப்பை அரசு மறுக்கிறது, உள்நாட்டில் எதிர்ப்பவர்கள் கொல்லப்படுகிறார்கள். நாட்டில் அவ்வளவு நடக்கும்போது அவள் புரட்சி செய்ய முடிந்தது அம்மாவுக்கு எதிராக மட்டும்தான். வகுப்பில் அதைப் பேசுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. படக்கதைதானே என்று அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டான். சித்திரவதைப் பக்கத்தைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. வாங்கி வைத்துவிட்டேன். இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். என்ன செய்ய?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: உங்கள் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை அம்மா. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளி நிர்வாகம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படங்கள் பொருந்தாது என்று வகுப்பறைகளிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுக்கச் சொன்னது. மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துப் போராடினார்கள். நூலகங்களிலிருந்து எடுக்க மாட்டோம் என்று நிர்வாகம் பிறகு விளக்கம் சொன்னது. ஏழாம் வகுப்பு என்றால் உங்கள் மகன் வயதுதான்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. வகுப்பறையில் பக்கத்தில் ஒரு ஆசிரியர் இருப்பார், கேட்டால் பதில் கிடைக்கும். நூலகத்தில் அந்தப் பிள்ளை தனியாகப் படிக்கும். எடுத்திருக்க வேண்டுமானால் மாற்றித்தான் எடுத்திருக்க வேண்டும். மர்ஜிக்கு அந்தச் செய்தி வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் அதிர்ச்சியில் அவளை மறந்துவிட்டார்கள், யாரும் அவளிடம் திரும்பி ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாள் அது தோட்டத்தில் விளையாட்டாக முளைத்தது. அவள் அழுத பிறகுதான் அம்மா வந்தாள்.

உங்கள் மகன் ஏற்கெனவே அந்தப் பக்கம் வரை படித்துவிட்டான் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. படத்தைப் பார்த்தாகிவிட்டது, புத்தகத்தைப் பூட்டினால் அது தலையிலிருந்து போகாது. திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது நீங்களும் உட்காருங்கள். விளக்கவுரை எதுவும் வேண்டாம், அவன் பக்கத்தைத் திருப்புகிற வேகத்திலேயே போகட்டும். அவன் எங்கே நிறுத்துகிறானோ அங்கே மட்டும் என்னப்பா பார்க்கிறாய் என்று கேளுங்கள். வளையல் வரும் அத்தியாயத்தை அவன் தனியாகப் படிக்கவேண்டாம், அது மட்டும் என் வேண்டுகோள். விமான நிலையத்தோடு முதல் பாதி முடிகிறது, அதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். வியன்னா பாதியில் போதைப்பொருள் வருகிறது, தெருவில் படுத்துத் தூங்கும் மாதங்கள் வருகின்றன. அதைப் பதினாறு வயதில் அவனே எடுத்துப் படித்துக்கொள்ளட்டும், அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்திருங்கள்.